பறவை மறைவிடத்துக்குப் பால் காய்ச்சினோம்

களக்காட்டுக்குப் போகிற வழியில் ஒரு குளம் இருக்கிறது. பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அங்கே கார் நிறுத்த இடம் இருக்காது. கால்வாய்த் தண்ணீரும் கார்த்திகை மழையும் சேர்ந்து அதை நிரப்பிவிட்டால், பங்குனி வெயில் வரைக்கும் பறவைகள் இருக்கும். நானும் என் அண்ணன் மனைவியும் தச்சநல்லூரில் அடுத்தடுத்த தெருவில் குடியிருக்கிறோம். ஞாயிறு விடிந்ததும் இரண்டு பஸ் மாறி அந்தக் குளத்துக்குப் போவது எங்கள் வழக்கம்.

எங்களுக்குள் வேலையைப் பிரித்திருக்கிறோம். மதினி பார்ப்பாள், நான் எழுதுவேன். அவளுக்கு அறுபது ஆகப்போகிறது. மறுகரையில் நிற்கிற உள்ளான் குருவியின் கால் என்ன நிறம் என்று வெறுங்கண்ணால் பார்த்துச் சொல்வாள். எனக்கு அவளைவிடப் பத்து வயது குறைவு. கண்ணாடி போட்டு, அதன்மேல் பைனாகுலரையும் வைத்தால்தான் அது உள்ளானா குச்சியா என்று சந்தேகப்படவாவது என்னால் முடியும். ஆனால் மதினிக்குப் பெயர்கள் நிற்காது. கூழைக்கடாவைத் 'தாடைப்பை' என்பாள். அரிவாள்மூக்கனுக்கு எங்கள் சித்தப்பா ஒருவரின் பெயரையே வைத்திருக்கிறாள்; அவரைப் பார்த்தவர்களுக்குக் காரணம் புரியும். நான் புத்தகத்தைப் புரட்டிச் சரியான பெயரைக் கண்டுபிடித்து, காற்று எந்தப் பக்கம், வெளிச்சம் எப்படி, பறவை என்ன செய்துகொண்டிருந்தது என்று கட்டம் போட்டு எழுதுவேன்.

"பறவை அக்கரைக்குப் போயி முட்டையே போட்டுட்டு. நீ இன்னும் கட்டம் போடுதே" என்பாள் மதினி.

ஒருமுறை அவளுக்குக் காய்ச்சல் என்று நான் தனியாகப் போனேன். தண்ணீர் ஓரத்தில் ஒற்றையாக நின்ற பெரிய வெள்ளைக் கொக்கு ஒன்றை வெகுநேரம் கவனித்தேன். 'அசையவே இல்லை. இரைக்காகக் காத்திருக்கிறது போலும்' என்று எழுதிக்கொண்டு வந்தேன். அடுத்த வாரம் மதினி அதே இடத்தைப் பார்த்தாள்.

"ஏளா, அது உரச்சாக்கு."

இரண்டு பேரும் சேர்ந்துதான் ஒரு முழுப் பறவை ஆர்வலர் என்பதை அன்றோடு ஒப்புக்கொண்டேன்.

குளத்தில் எல்லாம் இருந்தது. கரையில் நிழல் இருந்தது, கரை முடிகிற இடத்தில் டீக்கடை இருந்தது. பெண்கள் ஒதுங்க மட்டும் இடம் இல்லை. எங்கள் குழுவின் ஆண்களுக்கு அது ஒரு பிரச்சினையாகவே தெரியவில்லை. "அந்தப் பக்கம் என்னமோ சத்தம் கேக்கு" என்று சொல்லிவிட்டு குட்டையான முள் உடைமரங்களுக்குப் பின்னால் போவார்கள். திரும்பி வந்து, ஒன்றும் இல்லை என்பார்கள். எங்களுக்கு அந்த உடைமரம் இடுப்பைக்கூட மறைக்காது. ஆகவே நாங்கள் எழுந்ததிலிருந்து ஒரு வாய்த் தண்ணீர் குடிக்காமல் போய், வெயில் ஏறுவதற்குள் திரும்பும் பஸ்ஸைப் பிடிப்போம். அப்படியே பல வருடங்கள் ஓடின.

அதற்குப் பிறகுதான் மதினிக்கு ரத்த அழுத்தம் வந்தது. டாக்டர் காலையில் போடச் சொல்லி ஒரு நீர் மாத்திரை கொடுத்தார். அதைப் போட்டால் உடம்பில் தேங்கிய நீரெல்லாம் இறங்கும். காலை முழுக்க அடிக்கடி போய்வர வேண்டியிருக்கும். மதினி யாரிடமும் சொல்லாமல் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் மாத்திரையை விட்டாள். என்னிடமும் சொல்லவில்லை. கால் வீங்கிச் செருப்பு ஏறாமல் போன பிறகு டாக்டர் கேட்டார், விஷயம் வெளியே வந்தது.

என் அண்ணன் கத்துகிற ஆள் இல்லை. கத்தியிருந்தால் மதினி சமாளித்திருப்பாள்.

"போகாதன்னு நான் சொல்லல. மாத்திரையப் போட்டுட்டுப் போ. அங்கன ஒரு எடம் கட்டி வச்சிருந்தா தாராளமாப் போ. இல்லன்னா வீட்டுல இரு. டிவியில பறவையெல்லாம் பக்கத்துல காட்டுதான்லா" என்றார்.

அண்ணன் போன பிறகு மதினி என்னிடம் சொன்னாள்: "டிவியில அவன் கண்டுபிடிச்சதத்தான் நமக்குக் காட்டுதான். நான் பாக்கதுக்கு அதுல என்ன இருக்கு?"

அதுவரை அவள் எதையும் இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. கழிப்பறை விஷயத்தை நான் கையில் எடுத்தது அன்றைக்குத்தான்.

எங்கள் பறவைக் குழுவை நடத்துகிறவர் பாளையங்கோட்டையில் மருந்துக்கடை வைத்திருக்கிற அண்ணாச்சி. நல்ல மனிதர். கூட்டம் கடை மாடியில் நடக்கும், கீழே அட்டைப்பெட்டி அடுக்குகிற சத்தத்தோடு. அந்த மாதம் அண்ணாச்சி முகத்தில் தனி வெளிச்சம். இந்த ஊரில் பிறந்து வெளிநாட்டில் இருக்கிற ஒருவர், குளத்தில் பார்வையாளர்களுக்கு வேண்டிய வசதிகளைச் செய்துதரப் பணம் கொடுக்கிறாராம். ஊராட்சியும் சம்மதம் சொல்லிவிட்டதாம். என்ன வசதி வேண்டும் என்று ஒவ்வொருவராகக் கேட்டார். பார்வைக் கோபுரம் என்றார் ஒருவர். பறவைகளுக்குத் தெரியாமல் உட்கார்ந்து பார்க்க மறைவிடம் என்றார் இன்னொருவர். பிறகு அறிவிப்புப் பலகை, சிமென்ட் பெஞ்சு, செல்ஃபி எடுக்க ஒரு மேடை.

நான் கழிப்பறை என்றேன். பறவை பார்க்க வருகிறவர்களுக்குப் பறவை போதுமே என்றார் ஒரு காமிராக்காரர்.

"அதுக்கு இப்ப என்னம்மா அவசரம்?" என்றார் அண்ணாச்சி.

"அவசரம் வந்த பொறவு கட்ட முடியாது அண்ணாச்சி."

அவர் சிரித்துவிட்டார். சிரித்ததால் எழுதிக்கொண்டார், செல்ஃபி மேடைக்கு அடுத்து, கடைசியாக. பிறகு கோபுரத்துக்குச் செலவு கட்டுப்படியாகாது என்று அது கழிந்தது. செல்ஃபி மேடை போடப் பார்த்த இடம் கோடையில் எருமை இறங்குகிற தடம் என்று ஊரார் சொன்னார்கள். எங்கள் கழிப்பறை ஒவ்வொரு படியாக மேலே வந்தது. யாரும் அதற்காக வாதாடவில்லை. மறைவிடமும் பலகையும் போக மற்றவையெல்லாம் விழுந்ததால் அது நின்றது.

கட்டுகிற வேலையை எடுத்தவர் கொத்தனாராக இருந்து காண்டிராக்டர் ஆனவர். கண்ணாடி போட்டுக் கையில் நோட்டு வைத்திருக்கிற பெண்கள் எல்லாரும் அவருக்கு டீச்சர்தான். நான் கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்க்கிறவள் என்று சொல்லிப் பார்த்தேன். "சரி டீச்சர்" என்றார்.

வேலை சுத்தம். அதைச் சொல்லியே ஆக வேண்டும். குளத்தின் கிழக்குக் கரையில், காலை வெயில் முதுகுக்கு வரும்படி மறைவிடம்; செங்கல் சுவர், தகரக் கூரை, கூரைமேல் பனையோலை. தண்ணீரைப் பார்த்த சுவரில், உட்கார்ந்தால் கண்ணுக்கு நேராக வரும்படி நீளமான திறப்புகள். ஜன்னல் என்றால் கம்பி இல்லாமலா என்று அவர் ஒரு வாரம் வருத்தப்பட்டார். "திருடன் வந்தா?" என்றார். உள்ளே பெஞ்சைத் தவிர ஒன்றும் இருக்காதே என்றோம். "பெஞ்சு இருக்குல்லா" என்றார். மறைவிடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, வேப்பமரத்தடியில் கழிப்பறை. நல்ல இரும்புக் கதவு, பச்சை வர்ணம், உள்ளே வெள்ளை ஓடு. நான் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தேன். மதினியிடம் போய், ஓடு பதித்ததில் ஒரு கோடு கூடக் கோணல் இல்லை என்று சொன்னேன்.

"பூட்டு?"

"பூட்டியிருக்கு."

"தொறக்கட்டும். வாரேன்."

வாசலில் அறிவிப்புப் பலகையும் வந்துவிட்டது. பளிச்சென்ற நிற உடை அணிய வேண்டாம், கையை வீசிப் பறவைகளை மிரட்ட வேண்டாம், அமைதி காக்கவும் என்று மூன்று வரி. வாசகம் நான் எழுதிக் கொடுத்தது. எழுத்துப்பிழை இல்லாமல் வந்திருந்தது. அந்தப் பலகைக்கு நேர் மேலே, கூரை உச்சியில், காண்டிராக்டர் தன் திருஷ்டி பொம்மையைக் கட்டியிருந்தார்.

இங்கே கட்டடம் எழும்புகிற இடமெல்லாம் இப்படி ஒரு பொம்மை தொங்கும். கண்பட்டுவிடாமல் இருக்கத்தான். வழக்கமாக ஆள் உயரத்தில் பாதி இருக்கும். இது முழு ஆள். வைக்கோல் திணித்த பேன்ட், செக்கச் சிவந்த முழுக்கைச் சட்டை, தலைக்குக் கவிழ்த்த மண்சட்டி, அதில் சுண்ணாம்புக் கண்ணும் கரி மீசையும். குளத்துக் காற்றுக்கு இரண்டு கையையும் தூக்கித் தூக்கி ஆட்டியது. வயலில் குருவி விரட்ட நட்டு வைக்கிற பொம்மைக்கும் இதற்கும் உருவத்தில் வித்தியாசம் ஒன்றும் கிடையாது என்பதை மனிதர்களுக்கு முன்னால் பறவைகள் புரிந்துகொண்டன. மறைவிடத்துக்கு முன்னால் கூட்டமாக மேய்ந்த நாமக்கோழிகள் முதலில் போயின. பிறகு நாரைகள். கொஞ்ச நாளில் மொத்தக் குளமும் அக்கரையில் மேல்மடைப் பக்கமாகக் குடிபெயர்ந்துவிட்டது. மறைவிடத்தில் உட்கார்ந்து பார்த்தால் வெறும் தண்ணீர், தூரத்தில் மிளகு தூவியதுபோல் புள்ளிகள்.

பக்கத்து வயல்காரருக்கு மட்டும் சந்தோஷம். தாழைக்கோழிகள் அவர் நெல்லை மிதிப்பது அந்த வருடம் நின்றுவிட்டது. அந்தப் பொம்மையை என்ன விலைக்குத் தருவீர்கள் என்று காண்டிராக்டரிடம் கேட்டிருக்கிறார்.

அண்ணாச்சி காண்டிராக்டரிடம் பேசினார். நானும் உடன் இருந்தேன்.

"ஏ காண்டிராக்டரே, இது பறவை பாக்க எடம்வே. இங்கன போயி இதக் கட்டலாமா?"

"இங்கனதான் அண்ணாச்சி கட்டணும். ஒரு வீடுன்னா ரோட்டுல போறவன் ஒரு தடவ திரும்பிப் பாப்பான், போயிருவான். நீங்க பாக்கதுக்குன்னே பஸ் ஏறி வாரிய. அதுலயும் குழாய் வச்சுப் பாக்கிய. உங்க கண்ணு என்ன சாதாரணக் கண்ணா?"

அண்ணாச்சி தன் கழுத்தில் தொங்கிய பைனாகுலரைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளிக்கொண்டார்.

"சரி, கட்டி முடிச்சாச்சுல்லா. எறக்கிரும்."

"பால் காய்ச்சாம எறக்க மாட்டேன். சேரன்மாதேவியில ஒரு வீட்டுக்காரர் இப்படித்தான், எடைஞ்சலா இருக்கு, எறக்குன்னாரு. எறக்குனேன். மறுநாள் சாரத்துலேருந்து விழுந்தது அவரு இல்ல, நான்." சட்டைக் கையை மடக்கி, ஒடிந்து வளைந்தபடி கூடிய முழங்கையைக் காட்டினார்.

பால் காய்ச்சுவது என்றால் திறப்பு விழா. திறப்பு விழா என்றால் பணம் கொடுத்தவர் வெளிநாட்டிலிருந்து வந்து ரிப்பன் வெட்ட வேண்டும். அதுதான் மரியாதை என்று அண்ணாச்சி உறுதியாக இருந்தார். பணம் கொடுத்தவரோ, மறைவிடத்துக்கு முன்னால் பறவைகள் நிற்கிற மாதிரி ஒரு படம் அனுப்புங்கள், பார்த்துவிட்டு டிக்கெட் போடுகிறேன் என்று செய்தி அனுப்பியிருந்தார். பொம்மை இருக்கிறவரைக்கும் பறவை வராது. பறவை வராமல் அவர் வர மாட்டார். அவர் வராமல் விழா இல்லை, விழா இல்லாமல் பொம்மை இறங்காது. இது அத்தனையும் முடிகிறவரைக்கும் கழிப்பறைப் பூட்டு தொங்கும். ரிப்பன் வெட்டுவதற்கு முன் உபயோகித்தால் நன்றாக இருக்காது என்பதில் ஆண்கள் ஒருமனதாக இருந்தார்கள். அவர்களுக்கு உடைமரம் இருந்தது.

தை பிறந்தது. நான் தனியாகவே போய்வந்தேன். ஒவ்வொரு ஞாயிறும் திரும்பும்போது மதினி வாசலில் நிற்பாள்.

"தொறந்தாச்சா?"

"இல்ல மதினி."

"பொம்மை?"

"இருக்கு."

"இன்னைக்கு என்ன பாத்தே?"

நான் படித்துக் காட்டுவேன். கேட்டுக்கொண்டே வருவாள். நடுவில் "உரச்சாக்கு ஒண்ணும் இல்லையா?" என்பாள். சிரிப்பாள். ஆனால் போகப் போக அந்தக் கேள்வியும் குறைந்தது. ஒருநாள் நான் போனபோது டிவியில் ஏதோ பறவை ஓடிக்கொண்டிருந்தது. மதினி அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அன்றைக்குத்தான் இந்த ஆண்டு இப்படியே போய்விடும் என்ற பயம் எனக்கு வந்தது. பங்குனியில் குளம் வற்றிவிடும். அடுத்த கார்த்திகைக்கு அவளுக்குப் போகவேண்டும் என்றே தோன்றாமல் போகலாம்.

நான் முழுச் சிக்கலையும் வரிசையாக அவளுக்குச் சொன்னேன். ஒரு தாளில் வட்டம் போட்டு, அம்புக்குறி போட்டும் காட்டினேன். மதினி தாளைப் பார்க்கவே இல்லை.

"பால் காய்ச்சாம எறக்க மாட்டாராம். அம்புட்டுத்தானே?"

"ஆமா. ஆனா விழாவுக்கு அவரு..."

"ரிப்பன் வெட்டாம எறக்க மாட்டேன்னு சொன்னாரா?"

"இல்ல."

"பாலுக்கும் ரிப்பனுக்கும் என்னளா சம்பந்தம்? பாலக் காய்ச்சுவோம். ரிப்பன அந்த மனுசன் வரும்போது வெட்டட்டும்."

இத்தனை படித்தவர்கள் கூடிய குழுவில் இது யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. நான் அம்புக்குறிகளை நேராகப் போடுவதில் கவனமாக இருந்துவிட்டேன்.

காண்டிராக்டரிடம் போனில் கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். "வீட்டுப் பொம்பளைங்க யாராவது காய்ச்சணும் டீச்சர். காய்ச்சுனா எறக்கிருதேன்" என்றார். அண்ணாச்சிக்கு மனம் இல்லை. "அது வீடா? அடுப்பே இல்லாத எடத்துல பாலா?" என்றார். மதினி போனை என் கையிலிருந்து வாங்கினாள்.

"அடுப்ப நாங்க கொண்டுவாரோம் அண்ணாச்சி. நீங்க சீனி மட்டும் வாங்கிட்டு வாங்க."

அந்த ஞாயிறு மதினி புதுச்சேலை கட்டிக்கொண்டு வந்தாள். பளிச்சென்ற நிறம், நான் ஒன்றும் சொல்லவில்லை. எவர்சில்வர் பானை, பால், குங்குமம், மாவிலை எல்லாம் பையில் இருந்தன. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் என் காதில் சொன்னாள்: "மாத்திரையப் போட்டுட்டுத்தான் வந்திருக்கேன்."

"மதினி! தொறந்த பொறவு போட்டிருக்கலாம்லா?"

"உங்க அண்ணன் நிண்ணு பாத்துத்தான் அனுப்பினாரு."

சேரன்மாதேவி தாண்டியதிலிருந்து அவள் பேச்சு குறைந்தது. குளத்தங்கரையில் இறங்கும்போது நடையில் ஒரு வேகம் வந்திருந்தது.

மறைவிடத்துக்குள் அண்ணாச்சியும் குழுவின் ஆண்களும் ஏற்கெனவே கூடியிருந்தார்கள். காண்டிராக்டர் வேட்டி சட்டையில், கூரையில் சாத்திய ஏணியோடு தயாராக இருந்தார். டீக்கடையிலிருந்து இரவல் வாங்கிய சின்ன கேஸ் அடுப்பைத் தரையில் வைத்து மதினி பானையை ஏற்றினாள். பானை நிறையப் பால்.

"கொஞ்சம் குறைச்சிருக்கலாமோ? சீக்கிரம் பொங்கும்" என்றேன் மெதுவாக.

"பால் காய்ச்சுத எடத்துல குறைக்கக் கூடாது" என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு.

குளத்துக் காற்று நீளத் திறப்புகள் வழியாக வந்து அடுப்பை அணைத்தது. பற்ற வைத்தோம். மறுபடியும் அணைத்தது. அண்ணாச்சி ஒரு யோசனை சொன்னார்: ஆண்கள் எல்லாரும் வரிசையாகத் திறப்புகளை அடைத்து உட்கார்ந்தார்கள். பறவை பார்க்கக் கட்டிய ஜன்னல்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பெரிய பெரிய காமிராக்காரர்கள் பால் பானையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பால் சும்மா இருந்தது.

"தம்பி" என்றாள் மதினி காண்டிராக்டரிடம், "அந்தக் கக்கூசு சாவி உங்கள்ட்ட இருக்குல்லா? இப்பமே குடுங்களேன்."

காண்டிராக்டர் மேலே கையைக் காட்டினார். "பொம்மை சட்டைப் பையில இருக்குக்கா. அங்கன வச்சா எவனும் தொடமாட்டான்லா."

மதினி என்னைப் பார்த்தாள். நான் அடுப்பைக் கூட்டி வைத்தேன்.

அண்ணாச்சி இந்த நேரத்தைப் பயன்படுத்தி, குழு தொடங்கிய நாளிலிருந்து இதுவரையான வரலாற்றைச் சொல்லத் தொடங்கினார். மதினி சம்மணம் போட்டு உட்கார்ந்தாள், எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள். "பைய, பைய" என்று பாலுக்குச் சொன்னாளா தனக்குச் சொன்னாளா தெரியவில்லை. ஒரு வழியாகப் பால் ஓரத்தில் நுரை கட்டியது. கிழக்கே பொங்கினால் நல்லது என்று காண்டிராக்டர் ஞாபகப்படுத்தினார். பால் கிழக்கே பொங்கியது. அதைப் பெரிய சகுனமாக அண்ணாச்சி இன்றுவரை எல்லாரிடமும் சொல்கிறார். அடுப்பின் மேற்குக் காலுக்கு அடியில் மதினி ஒரு கூழாங்கல்லைத் தள்ளியதை நான் பார்த்தேன்.

பால் பொங்கினால் குலவை போட வேண்டும். மதினி குலவை போட்டாள். எங்கள் வீட்டு விசேஷங்களில் அவள் குலவை மூன்று தெருவுக்குக் கேட்கும். நானும் சேர்ந்துகொண்டேன். அமைதி காக்கவும் என்ற பலகைக்குப் பின்னால் இருந்து கிளம்பிய அந்தச் சத்தம் தண்ணீர்மேல் போய், மேல்மடையைத் தொட்டது.

மொத்தக் குளமும் எழுந்தது. அதற்கு முன்னும் பின்னும் நான் அப்படிப் பார்த்ததில்லை. நாரைகள், நீர்க்காகங்கள், வாத்துகள், கூழைக்கடாக்கள் எல்லாம் ஒரே நேரத்தில் மேலே கிளம்பி, ஒரு பெரிய வட்டம் சுற்றி எங்கள் தலைக்கு மேலேயே வந்தன. ஆண்கள் முண்டியடித்து வெளியே ஓடினார்கள். காண்டிராக்டர் ஏணியில் பாதி ஏறிய நிலையில் வாயைப் பிளந்து மேலே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தம்பி! பொம்மை!" என்று மதினி கத்தினாள். அவள் ஒருத்திதான் வானத்தைப் பார்க்கவில்லை. சிவப்புச் சட்டையின் பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பொம்மை இறங்கியது, சாவி வந்தது, பச்சைக் கதவு திறந்தது. மதினி உள்ளே போய் அதே வேகத்தில் தலையை நீட்டினாள். "ஏட்டி, கொழாயில தண்ணி இல்ல." குளத்தங்கரையில் கட்டிய கழிப்பறைக்கு மோட்டார் இணைப்பு கொடுக்கவில்லை. அதையும் ரிப்பனுக்காக வைத்திருந்தார்களாம். நான் சிமென்ட் படிந்த வாளி ஒன்றை எடுத்துக்கொண்டு குளத்துக்கு ஓடினேன். இரண்டாவது வாளியோடு வந்து கதவுக்கு வெளியே நிற்கும்போதும் பறவைகள் மேலே சுற்றிக்கொண்டிருந்தன.

"என்ன போகுது?" என்றது உள்ளேயிருந்து குரல்.

"வெள்ளைக் கொக்கு மதினி. பெருசு பெருசா, கூட்டமா."

"கழுத்த நீட்டிப் போகுதா, மடக்கிப் போகுதா?"

கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். "நீட்டி."

"அப்பம் கொக்கு எங்க வந்துது? நாரை. சிறகு ஓரம் கறுப்பா இருக்கும் பாரு."

கறுப்பாகத்தான் இருந்தது.

"பொறவு?"

"ஒண்ணு வாயைத் தொங்கப் போட்டுட்டுப் போகுது."

"தாடைப்பை. எழுதிக்கிட்டியா?"

எழுதவில்லை. கையில் வாளி இருந்தது.

அண்ணாச்சி எடுத்த படத்தில் மறைவிடமும், அதன் மேலே வானம் கொள்ளாத பறவைகளும் இருந்தன; ஓரத்தில் காண்டிராக்டர் பொம்மையைத் தோளில் போட்டுக்கொண்டு போவதும் விழுந்திருந்தது. அதைத்தான் வெளிநாட்டுக்கு அனுப்பினார். பணம் கொடுத்தவர் வீடியோவில் வந்து ரொம்பச் சந்தோஷப்பட்டார். அப்படியே, கழிப்பறையை இன்னும் முறைப்படி திறக்கவில்லை, உங்களுக்காகத்தான் காத்திருக்கிறோம் என்று அண்ணாச்சி சொன்னார்.

"கக்கூசத் தொறக்க நான் எதுக்கு அண்ணாச்சி பிளைட்டுல வரணும்? ஆள் போகட்டும்."

அடுத்த வாரமே குழாயில் தண்ணீர் வந்தது. அன்றைக்கு முதலில் உள்ளே போய்வந்தது, பறவை பார்க்க வருகிறவர்களுக்குப் பறவை போதும் என்று மாடியில் சொன்ன காமிராக்காரர். பொம்மையை வயல்காரர் கொண்டுபோனார். பறவைகளும் வந்தன, ஒரேயடியாக இல்லை. முதலில் நாமக்கோழிகள் ஆழம் பார்த்தன. பிறகு ஒரு பவளக்காலி. மாசி நடுவில் மறைவிடத்துக்கு முன்னால் பழையபடி கூட்டம்.

மதினி இப்போது ஞாயிறுதோறும் வருகிறாள். மாத்திரையைப் போட்டுக்கொண்டு, டீக்கடையில் ஒரு டீயும் குடித்துவிட்டு, மறைவிடத்துப் பெஞ்சில் தெற்கு ஓரத்தில் உட்காருவாள். வெயில் ஏறுவதற்குள் கிளம்புகிற பழக்கம் போய்விட்டது. குழுவின் ஆண்கள் மூட்டை கட்டிய பிறகும் அவள் எழுந்திருப்பதில்லை.

போன வாரம் நல்ல உச்சி வெயில். காலையில் மேய்ந்த பறவைகள் எல்லாம் நிழல் தேடிப் போய்விட்டன. மதினியின் போன் அடித்தது. அண்ணன்தான். எப்போது வருகிறீர்கள், சாப்பாடு இருக்கிறதா, நான் வடித்து வைக்கட்டுமா என்று கேட்டது எனக்கே கேட்டது.

மதினி வாயைக் கையால் மறைத்துக்கொண்டு ரகசியமாகச் சொன்னாள்: "சத்தம் போடாதிய. பறவை கலைஞ்சிரும். வச்சிருதேன்."

எங்களுக்கு முன்னால் ஓர் எருமை மட்டும் தண்ணீரில் கிடந்தது. மதினி போனை அணைத்து மடியில் வைத்துக்கொண்டு, அந்த எருமையின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப வரும் பாரு" என்றாள்.

"எது மதினி?"

"எதுவோ. நீ பேனாவ எடு."